சுவரில் ஒரு சினிமாக் கொட்டகை

திண்டுக்கல்லுக்குப் போகிறோம் என்று சொன்னால், தெரிந்தவர்கள் ஒன்று பூட்டு வாங்கி வரச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பிரியாணி சாப்பிட்டு வரச் சொல்வார்கள். பழைய மனிதர்களாயிருந்தால் சிறுமலை வாழைப்பழம் கிடைக்கிறதா பார் என்பார்கள். சென்ற பொங்கலை ஒட்டி நாம் போயிருந்தபோது இம்மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. சினிமாப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சினிமாப் பார்ப்பதற்குத் திண்டுக்கல் வரையில் போக வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பார்த்த கொட்டகைக்கு டிக்கட் கிடையாது. விளம்பரத் தட்டி கிடையாது. இடைவேளையில் முறுக்கு மட்டும் உண்டு. தாடிக்கொம்பு போகும் சாலையில், நகரத்தின் சந்தடி அடங்கும் இடத்தில், நமது நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முற்றத்தின் மேற்குச் சுவருக்குப் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அப்போதுதான் காய்ந்திருந்தது. இரவு ஏழரை மணிக்கு அந்தச் சுவரில் தியாகராஜ பாகவதர் தோன்றினார்.

முற்றத்தில் பாய் விரித்து இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் முன்வரிசை. நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் வாத்தியாரின் தாயார். அந்த அம்மாளுக்கு வயது எண்பத்தெட்டு. முழங்கால் வலியினால் பத்து வருஷமாகத் தெருமுனைக்கு அப்பால் போனதில்லை. சிறு பெண்ணாக மணல் தரையில் உட்கார்ந்து டேராக் கொட்டகையில் பார்த்த 'ஹரிதாஸ்' படத்தை, மறுபடியும் அவர் முழுவதும் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் காரியத்தைச் செய்த யந்திரம் எது என்று பார்த்தோம். ஒரு முக்காலியின் மேல் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. மூடியில் தமிழ்நாடு அரசின் முத்திரை மங்கிப்போய்த் தெரிந்தது. "பேரன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது. பரண் மேல் கிடந்தது, தூசி தட்டினேன்" என்றார் வாத்தியார்.

தமிழ்நாட்டுப் பட்டிதொட்டிகளில் கணினி எப்படி நுழைந்தது என்பதை எழுதப் போகிறவர்கள், அந்த முத்திரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கொடுத்தார்கள். தறி ஓடும் சின்னாளபட்டியிலும், பூ பறிக்கும் நிலக்கோட்டையிலும், காய்கறி மூட்டை தூக்கும் ஒட்டன்சத்திரத்திலும் அநேக வீடுகளுக்கு வந்த முதல் கணினி இதுவே. பிள்ளைகள் படிப்பதற்கென்று கொடுத்தது. வீடு அதில் படம் பார்த்தது. இதைப் பற்றி அந்த நாளில் கேலி பேசியவர்கள் உண்டு. நமக்கு அதில் கேலிக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. 2012-ஆம் வருஷத்து மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குக் காரணம் தெரியும். நாளில் பாதி நேரத்துக்கு மின்சாரம் இல்லாத அந்த மாதங்களில், பாட்டரியில் ஓடிய மடிக்கணினி ஒன்றுதான் பல வீடுகளில் வெளிச்சமாயிருந்தது. ஒரு திரையைச் சுற்றி ஏழு தலைகள்!

ஆனால் ஏழு தலைகள் என்பது நமது ஊர்களுக்குக் கொஞ்சம். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டு போனார். அன்று முதல் நமக்குச் சினிமா என்றால் கூட்டம். கூடாரத்துக்குப் பிறகு ஓலைக் கொட்டகை. அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் 'டெக்' எடுத்து விடிய விடிய மூன்று படம் போடும் வழக்கம் வந்தது. டெலிவிஷன் பெட்டியையும் டெக்கையும் கட்டைவண்டியில் வைத்து ஊருக்குள் கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நடுவயதுக்காரர்களே. 2006-க்குப் பிறகு பதினான்கு அங்குலக் கலர்ப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. பார்க்கும் கூட்டம் குறைந்தது. பிறகு கைப்பேசி வந்தது. ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் நான்கு படம் பார்த்தார்கள். வாத்தியார் செய்த காரியம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான்.

அவருடைய கொட்டகையின் சாமான் பட்டியல் மிகச் சிறியது. பழைய மடிக்கணினி, அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்று, கம்பியின் மறுமுனையில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய கையடக்கமான புரொஜெக்டர். இந்தச் சிறு புரொஜெக்டர்களின் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெளிச்சக் கணக்கை யாரும் நம்ப வேண்டாம். ஏ.என்.எஸ்.ஐ. லூமென் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு இருட்டும் வரையில் காத்திருக்க வேண்டும். சுவருக்குப் பளபளக்கும் பெயின்ட் உதவாது. விளக்கு முகத்தில் அடிக்கும். சுண்ணாம்பு வெகு நேர்த்தி.

ஒலிக்கு ஐந்து பெட்டியும், அதிர்வுக்குத் தனிப் பெட்டி ஒன்றும் வைப்பது பணக்கார வீடுகளின் வழக்கம். வாத்தியார் கோயில் கொடைக்கு ரேடியோ செட்டுக் கட்டும் பையன் ஒருவனிடம் இரண்டு பெட்டிகளை ஓரிரவு இரவல் வாங்கியிருந்தார். கம்பியில்லாத புளூடூத் பெட்டியை முதலில் பரீட்சித்தாராம். உதடு முன்னால் போக, பாட்டு பின்னால் வந்தது. கணினியில் ஜே, கே என்ற இரண்டு எழுத்துக்களைத் தட்டினால் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்று பேரன் சொல்லிக் கொடுத்தான். விலைக்கு வாங்கும் பெட்டிகள் பலவற்றில் இந்தச் சுதந்திரம் இல்லை.

சுதந்திரம் என்றதும் இன்னொரு சங்கதி. வாத்தியாருக்குச் சங்கீதக் காது உண்டு. தகட்டில் முதன்முறை 'ஹரிதாஸ்' போட்டபோது பாகவதரின் குரல் சற்றே மேலே நிற்பதாக அவருக்குத் தோன்றியது. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தார், தோன்றியது உண்மை. சினிமா யந்திரத்தில் விநாடிக்கு 24 படம் ஓடும். நமது நாட்டு டெலிவிஷன் விநாடிக்கு 25 படக் கணக்கு. பல தகடுகளில் பழைய படத்தை இந்தக் கணக்குக்குள் அடக்குவதற்காக நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட விட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிஷம் முன்னதாக முடியும். பாடகரின் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை தூக்கிவிடும். கணினியில் வேகத்தை 0.96 என்று குறைத்து, சுருதியைத் தானாகத் திருத்தும் ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்தார் வாத்தியார். பாகவதர் தமது சொந்தக் குரலுக்கு இறங்கினார். சென்னை பிராட்வே கொட்டகையில் 1944 தீபாவளி தொடங்கி மூன்று தீபாவளி கண்ட படம். அங்கே கேட்டவர்கள் கேட்ட சுருதி அதுதான்.

இதையெல்லாம் செய்வது வி.எல்.சி. என்ற ஒரு மென்பொருள். ஆரஞ்சு வர்ணக் கூம்பு அதன் அடையாளம். 1996-ல் பாரிஸ் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், தங்கள் விடுதிக் கம்பிகளின் வழியாகப் படம் அனுப்புவதற்காகத் தொடங்கியது. 2001-ல் ஊர்க்கிணறு போல எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். இந்தக் கிணற்றையும் நமது சர்க்கார் 2022-ல் சில மாதம் மூடி வைத்தார்கள்! பிப்ரவரி முதல் இந்தியாவில் அதன் தளம் திறக்கவில்லை. தங்களுக்கு நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை என்று அதை நடத்துகிறவர்கள் வக்கீல் வைத்துக் கேட்டார்கள். நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கணினியில் அது வழக்கம் போல ஓடிக்கொண்டுதானிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட பொருளுக்கும், தினந்தோறும் வாசலில் நின்று கேட்டு வாங்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இது. இதை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும், பின்னால் உபயோகப்படும்.

திருட்டுப் படமா என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. வாத்தியார் அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். படத் திருட்டுக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்கலாம் என்று 2004-லேயே தமிழ்நாட்டில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். 2023-ல் செய்த மத்திய சட்டத் திருத்தத்தில் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், மூன்று இலட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆனால் இந்தியச் சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷத்துக்குத்தான். பாட்டின் உரிமைக் கணக்கு வேறு. அது எழுதியவரின் ஆயுளோடு ஒட்டியது. எப்படியும் வீட்டார் பார்க்க, விலைக்கு வாங்கிய தகட்டைச் சுவரில் போடுவதற்கு யாரும் கோபித்துக் கொள்ளமாட்டார்கள் என்பது வாத்தியாரின் அபிப்பிராயம். அக்கம்பக்கத்தாரும் வீட்டாரில் சேர்த்தியா என்று நாம் கேட்டோம். "பொங்கலன்று எல்லாரும் சேர்த்திதான்" என்றார்.

இதுவரையில் சொன்னது முதல் ஆட்டம். இரண்டாவது ஆட்டத்துக்கு உரியவன் பேரன். மடிக்கணினி வாங்கிய அதே பேரன் இப்போது கோயமுத்தூரில் உத்தியோகம் பார்க்கிறான். பொங்கலுக்கு வரும்போது ஒரு பெரிய கணினிப் பெட்டியைப் பஸ்ஸில் பலகாரக் கூடை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அதோடு ஒரு வி.ஆர். கண்ணாடி.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, பார்வைக்கு அது குதிரைக்குக் கட்டும் கண்பட்டை போலத்தான் இருக்கிறது. உள்ளே இரண்டு கண்ணுக்கும் இரண்டு சிறு திரைகள். முன்னால் பூதக் கண்ணாடி வில்லைகள். மனிதர்களின் கண்கள் ஏறக்குறைய இரண்டரை அங்குல இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே பொருளைச் சற்று வேறாகப் பார்க்கின்றன. அந்த வேற்றுமையிலிருந்து மூளை தூரத்தை அறிகிறது. இந்த இரகசியத்தை வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1838-லேயே இரண்டு சித்திரங்களையும் இரண்டு கண்ணாடிகளையும் வைத்துக் காட்டிவிட்டார். அதைக் கணினியோடு சேர்த்துத் தலையில் மாட்டியவர் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து, 1968-ல். அந்தக் கருவியின் பாரத்தைத் தலை தாங்காதென்று கூரையிலிருந்து தொங்கவிட்டார்களாம். 2012-ல் ஓர் அமெரிக்க இளைஞன் பொது மக்களிடம் சந்தா திரட்டிப் புதுக் கண்ணாடி செய்தான். இரண்டே வருஷத்தில் பேஸ்புக் கம்பெனி அந்தத் தொழிலை 200 கோடி டாலருக்கு விலை பேசிவிட்டது. 2016-ல் அது கடைக்கு வந்தபோது விலை 599 டாலர். அதை ஓட்டத் தகுந்த கணினியின் விலை தனி.

பழைய மடிக்கணினி இதற்கு ஏன் உதவாது என்று பேரனிடம் விசாரித்தோம். சுவரில் விழும் சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் போதும். அவையும் எப்போதோ எடுத்து வைத்தவை. கண்ணாடிக்கு 90 படம் வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும். அவற்றையும் தலை எந்தப் பக்கம் திரும்பிற்று என்று பார்த்த பிறகுதான் வரைய வேண்டும். தலை திரும்புவதற்கும் படம் திரும்புவதற்கும் நடுவே ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் வயிற்றைப் பிரட்டும். இதற்கென்று தனி வரைகலை அட்டை வேண்டும்.

வயிற்றுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிச் சிறுமலைக்குப் போகும் பஸ்ஸில் புத்தகம் படித்துப் பாருங்கள். காதுக்குள்ளிருக்கும் நிதானக் கருவி 'நகர்கிறோம்' என்கிறது. புத்தகத்தில் பதிந்த கண் 'இல்லை' என்கிறது. கண்ணாடிக்குள் சண்டை தலைகீழ்: கண் நகர்கிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. இதனால்தான் பேரன் தன் படத்தை நடந்துகொண்டே எடுக்கவில்லை. மலைக்கோட்டையின் மேல் ஐந்து இடங்களில் அசையாமல் நின்று, முன்னும் பின்னும் வில்லையுள்ள 360 டிகிரி காமிராவினால் எடுத்து வந்திருந்தான். இரண்டு வில்லைகளும் ஆளுக்குப் பாதி உலகத்துக்கு மேல் பிடிக்கின்றன. ஓரங்களைக் கணினி தைத்துவிடுகிறது.

மலைக்கோட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, ஹைதர் அலி ஆண்டு, ஆங்கிலேயர் பிடித்த அந்தக் கோட்டையைச் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் நின்றாலும் பார்க்கலாம். அப்பத்தா ஆயுள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே நெல் காயப் போட்டவர். ஏறியது இரண்டே தடவை. கடைசியாக ஏறி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கண்ணாடியைப் பேரன் மெதுவாக மாட்டினான். அப்பத்தாவின் வாய் சற்றே திறந்தது. தலை இடது பக்கம் திரும்பிற்று, வலது பக்கம் திரும்பிற்று. பிறகு கீழே குனிந்தார். உடனே கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, என் காலைக் காணோமேடா!" என்று கத்தினார்.

முற்றம் முழுவதும் சிரித்தது. ஆனால் அப்பத்தாவின் கை நடுங்கியதை நாம் கண்டோம். அந்தப் படத்தில் பார்க்கிறவருக்கு உடம்பு கிடையாது. பாறையின் மேல் ஒரு பார்வை மட்டுமே நிற்கிறது. வெகு நாளாகக் காலைப் பற்றியே கவலைப்படுகிற ஒருவருக்கு இது வேடிக்கையான விஷயம் இல்லை. இரண்டு நிமிஷம் பொறுத்துக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க சத்தம் கேட்குது, ஒருத்தரையும் காணோம். செத்த பிறகு இப்படித்தான் இருக்கும் போல" என்றார்.

கண்ணாடிக்காரர்கள் கோடி கோடியாய்ச் செலவழித்தும் தீராத குறையை அப்பத்தா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டதாக நமக்குப் பட்டது. இன்னொரு குறையும் உண்டு. அதற்கு முன்னே சொன்ன கிணற்றை ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். 2020-ல் வந்த ஒரு பிரபலமான கண்ணாடியைப் புதிதாக வாங்கினவர்கள், பேஸ்புக்கில் கணக்கு வைத்தால்தான் அதைத் திறக்க முடியும் என்றார்கள். ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு 2022-ல் அதை மாற்றினார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஏற்பாட்டை நம்பிப் பல கம்பெனிகள் 2017 முதல் கண்ணாடி விற்றன. 2024-ல் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது; கணினிக்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பூட்டுச் செய்கிறவர் யாராவது சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் விற்றிருந்தால், குறியீடு கிடைப்பதற்கு முன்பே வேறு ஏதாவது கிடைத்திருக்கும்! சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தத் துறைக்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் நடக்கிறது. சாவியும் நம் கையிலிருக்கும்படியான கண்ணாடியை அவர்கள் செய்து கொடுத்தால், வாத்தியார் வீட்டில் ஒன்று நிச்சயமாக விற்கும்.

இதற்குள் பேரன் சும்மாயிருக்கவில்லை. மடிக்கணினியிலிருந்த கம்பியைப் பிடுங்கித் தன் பெரிய பெட்டியில் செருகினான். கண்ணாடிக்குள் தெரிவது எதுவோ அது சுவரிலும் தெரியும்படி செய்வதற்குக் கணினியில் வழி இருக்கிறது. "அப்பத்தா, இன்னொரு தடவை போட்டுக்குங்க. இப்ப நாங்களும் கூடவே இருப்போம்" என்றான்.

சந்தேகத்துடன்தான் சம்மதித்தார். சுண்ணாம்புச் சுவரில் மலைக்கோட்டையின் உச்சி விரிந்தது. சிலையில்லாத அந்தக் கோயிலும் மதில் சுவரும் தெரிந்தன. அப்பத்தா தலையைத் திருப்பினால் சுவரும் திரும்பிற்று. அவர் தலை நடுங்கினால் சுவரும் நடுங்கிற்று. முன்வரிசைக் குழந்தை ஒன்று, "பாட்டி, கீழே பாருங்க, கீழே!" என்று கூவிற்று. "அதான் பள்ளிவாசல், பேகம்பூர்" என்றார் அப்பத்தா. இந்தத் தடவை கால் இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அங்கே நீளமா நிற்குது பாரு, சிறுமலை. மேகம் இறங்கியிருக்கு."

கால் மணி நேரம் போயிற்று. எண்பத்தெட்டு வயதில் அப்பத்தா ஊராருக்கு ஊரைக் காட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தெருவில் சுருட்டுக் கம்பெனி இருந்தது, எங்கே தோல் மண்டி இருந்தது, எந்தப் பக்கம் தம் பிறந்த வீடு என்று விரல் நீட்டிச் சொன்னார். விரல் காற்றில் நீண்டது; சுவரில் விரல் தெரியவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் இடம் புரிந்தது. வாத்தியார் மட்டும் தாயாரின் பின்னால் நின்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அப்பத்தாவுக்கு ஒரு நினைவு வந்தது. "ஹரிதாஸ் பார்த்த டேராக் கொட்டகை அடிவாரத்துக்குக் கிழக்கேதான் போட்டிருந்தாங்க. தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புடா."

"நீங்கதான் திருப்பணும், அப்பத்தா" என்றான் பேரன்.